யசிந்தாவின் கடல்

இங்கே பகல் பதினொன்றரைக்குச் சாப்பாட்டு அறையில் எல்லோரும் கடதாசியைப் பிரிப்பார்கள். பெரிய பேராசிரியரும் சரி, கணனி அறையைத் துடைக்கிறவரும் சரி, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த குளிர்ந்த பாண் துண்டுதான். அதற்கு மத்பாக்கே என்று பெயர். மேலே மண்ணிறத்தில், கொஞ்சம் இனிக்கிற பாற்கட்டி. ஒரு துண்டு மற்றத் துண்டோடு ஒட்டாமலிருக்க நடுவில் வைக்கவென்றே அளவாக வெட்டிய தாள்களைக் கடையில் விற்கிறார்கள். நோர்வேயின் பேர்கன் நகருக்கு வந்து ஒன்பது வருடமாகியும் அந்தத் தாள் எனக்குப் பழகவில்லை. ஒன்றோடொன்று குழைத்துச் சாப்பிட்டே வளர்ந்தவள் நான்.

நான்கு வருடத்துக்கு முன்பு, கடலாராய்ச்சி நிலையமொன்றில் பட்டமேற்படிப்புக்குச் சேர்ந்த முதல் வாரம், அந்த மேசையில் ஸீக்ரித் என் எதிரே வந்து அமர்ந்தாள். அவளும் என்னைப்போல மாணவி. எந்த இடம் என்று கேட்டாள். "வன்னி" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. நோர்வே மொழியில் 'வன்' என்றால் தண்ணீர். "ஊருக்குப் பெயரே தண்ணீரா? அப்படியானால் நீ கடலோடு வளர்ந்தவள்" என்றாள். என் ஊர் தர்மபுரம். எங்களுக்குத் தண்ணீர் என்றால் வயலுக்கு முறை வைத்து வாய்க்காலில் வருவது. தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு, அங்கே வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. என் அப்பா சாகும்வரை கடலில் கால் நனைத்தவரில்லை. இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். நான் தலையாட்டினேன். பிறகு அப்பாவின் வள்ளத்தைப் பற்றியும், நீரின் நிறத்தைப் பார்த்தே அவர் மீன் இருக்கும் இடத்தைச் சொல்வதைப் பற்றியும், ஐந்து வயதில் நான் நீந்தப் பழகியதைப் பற்றியும் சொன்னேன். மேசையிலிருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவ்வளவும் யசிந்தாவின் கதை.

யசிந்தா முள்ளிவாய்க்கால்காரி. அவளுடைய அப்பா, அவள் வாயில் அப்பு, கடலுக்குப் போகிறவர். உயர்தரத்தில் கணிதம் படிப்பதற்காகத் தர்மபுரத்தில் அவளுடைய மாமி வீட்டில் வந்து தங்கியிருந்தாள். இருவரும் ஒரே வாங்கில் இருந்தோம், ஒரே சைக்கிளில் போய்வந்தோம். அவள் வரும்வரை வகுப்பில் நான்தான் முதலாவது. கணிதம் படிப்பித்த சேர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் அவளிடம் விடை இருக்கும். அதைச் சொல்லாமல், நானும் செய்து முடிக்கட்டும் என்று பேனையை மூடிவைத்துக் காத்திருப்பாள். அந்தக் காத்திருப்புத்தான் எனக்குப் பொறுக்காது.

ஒரு விடுமுறையில் என்னைத் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பதினேழு வயதில் அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன்.

"பயமெண்டா கரையிலை நில்லு" என்றுவிட்டு அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். இடுப்பளவு நீரில் நின்று கையை நீட்டினாள். "அங்கை பார், நிறம் மாறுது. அது வேறை தண்ணி. உடனை கலக்காது. கொஞ்சத் தூரம் பக்கத்திலை பக்கத்திலை ஓடும்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்பு சொல்லுவார். நானும் அதுக்குள்ளை நிண்டு பாத்திருக்கிறன். ஒரு கால் குளிரும், மற்றக் கால் குளிராது."

கணுக்காலளவு நீரில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கும் அவளுக்கு, கடலும் அவளுக்கு. பின்னாளில் இந்தப் படிப்பை நான் தேர்ந்ததற்கு விண்ணப்பப் படிவத்தில் அழகான காரணங்கள் எழுதினேன். உண்மையான காரணம் அந்தப் பகல்தான்.

பரீட்சையிலும் அவளுக்குத்தான் கூடிய புள்ளி. ஆனால் நோர்வேயில் ஒரு மாமா எனக்கு இருந்தார், அவளுக்கு இல்லை. நான் மாணவ விசாவில் வந்து சேர்ந்தேன். அவள் பல்கலைக்கழகம் போக முடியாமல் சண்டைக்குள் அகப்பட்டுப்போனாள். தொண்ணூற்றாறில் கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது, அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். பள்ளிக்கூடமில்லை, கொப்பி இல்லை, விளக்குக்கு எண்ணெய் இல்லை. அவளிடம் ஒன்றுமில்லாமல் போனதை அறிந்தபோது என் பொறாமை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. எழுதவே வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் இதை மறைத்தால் மற்றதைச் சொல்லிப் பயனில்லை.

அவளையும் ஒருதரம் பொறாமைப்பட வைக்க வேண்டும் என்றுதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். என் வேலை என்னவென்று பெருமையாக விளக்கினேன். வடதுருவக் கடலைச் சிறுசிறு பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெப்பம், உப்பு, வேகம் என்று எண்களைக் கொடுத்து, தண்ணீர் அடுத்து எங்கே போகும் என்று கணனி கணக்கிடும். கிரீன்லாந்துக்குப் பக்கத்தால் உள்ளே போகும் இளஞ்சூட்டு நீரில், கணனிக்குள்ளேயே, நூறு பங்கு சாயத்தைக் கலந்துவிடுவேன். அது பனிக்கட்டிக்குக் கீழே தாழ்ந்து, கடலடியின் ஓரத்தைப் பிடித்துச் சுற்றி, பல வருடம் கழித்து வெளியே வரும் வழியைப் பின்தொடர்வதுதான் என் ஆராய்ச்சி. "ஒரு கடலையே அறைக்குள் வைத்திருக்கிறேன்" என்று முடித்தேன். கணனி அச்சடித்துக் கழித்த தாள்களின் வெற்றுப் பக்கத்தில் எழுதி, வவுனியாவிலிருந்து வன்னிக்குள் போகும் ஒருவர் மூலம் அனுப்பினேன்.

எழுதாமல் விட்டது ஒன்று. என் சாயம் வெளியே வரவில்லை. கப்பலில் போனவர்கள் கிரீன்லாந்துக் கரையில் போத்தல்களில் அள்ளிவந்த நீர் ஒரு விதமாகச் சொல்ல, என் கணனி வேறு விதமாகச் சொன்னது. அந்தக் கப்பலில் ஸீக்ரித் போனாள். மாணவ விசா முடிந்து அகதியாகப் பதிந்திருந்த நான், கப்பலேற உதவாத அகதிகளின் பயணப் பத்திரத்தோடு கரையில் நின்றேன். பேராசிரியர் ஆர்னே, நீர் கலக்கும் வேகத்தை மாற்றிப் பார்க்கச் சொன்னார். மாதக்கணக்காக மாற்றினேன். பலனில்லை.

ஐந்து மாதம் கழித்து யசிந்தாவின் பதில் வந்தது. பால்மாப் பெட்டியின் மட்டையைக் கிழித்து எழுதியிருந்தாள்.

"எடி வசந்தி, உன்ரை கடிதத்தை விட அதின்ரை பின்பக்கம் எனக்கு நல்லாப் பிடிச்சுது. வெறும் பக்கமா இருக்கும், பிள்ளையளுக்குக் கணக்கு எழுதலாம் எண்டு திருப்பினன். பாத்தா ஏற்கெனவே கணக்கு. ஆறு பகுதி, வெளியாலை போனது ஒரு நிரல், வருசம் வருசமா. எல்லாத்தையும் கூட்டினா நூறு வரவேணுமெல்லே? முதல் நாலு வருசம் வருது. பிறகு குறையுது. நாலாம் பகுதியிலையிருந்து அஞ்சுக்குப் போகேக்கைதான் குறையுது. சாயம் எங்கையடி போகுது? தண்ணி அப்பிடிக் காணாமல் போகாது."

நான் வண்ணப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எண்களைக் கூட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. நான்காம் பகுதிக்கும் ஐந்தாம் பகுதிக்கும் நடுவில் கடலுக்கடியில் ஒரு நீண்ட மலை ஓடுகிறது. கணனிக்கு எழுதியிருந்த கட்டளைகளுக்குள் தேடிப் போனேன். அந்த மலைமேலிருந்த ஒரு வரிசைப் பெட்டிகள் ஓரிடத்தில் கடலென்றும் இன்னோரிடத்தில் தரையென்றும் எழுதப்பட்டிருந்தன. அங்கே நுழைந்த சாயம் அழிந்துகொண்டிருந்தது. ஒரு பகற்பொழுதில் திருத்தினேன். சாயம் வெளியே வந்தது.

அடுத்த கிழமை கருத்தரங்கில் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்; இங்கே அதுதான் கைதட்டு. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஆர்னே கேட்டார். "கூட்டிப் பார்த்தேன்" என்றேன். "இவள் கடற்காரனின் மகள், தண்ணீரை நம்புகிறவள்" என்றாள் ஸீக்ரித். நான் சிரித்தேன்.

யசிந்தாவுக்கு நான் பதில் போடவில்லை. நிலையத்தின் அறிக்கை என் பெயரில் தயாராகிக்கொண்டிருந்தபோது, அவளிடமிருந்து இன்னொரு துண்டு வந்தது. "நான் சொன்னது சரியோ? பாத்தனியோ? ஒவ்வொரு நாளும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். பிழையெண்டாலும் எழுது." மூன்றே வரி. அதை வாசித்துவிட்டு நாள் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. பிறகு எல்லாவற்றையும் எழுதினேன். கருத்தரங்கில் சொன்ன பொய்யை, சாப்பாட்டு மேசையில் அவளுடைய அப்புவை என் அப்பாவாக்கியதை, வாங்கில் அவள் பேனையை மூடிவைத்துக் காத்திருந்த காலத்திலிருந்தே எரிந்துகொண்டிருந்ததை.

பதில் வர நான்கு மாதம். திட்டியிருப்பாள், அல்லது பெருந்தன்மையாக மன்னித்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கும் உன்னிலை எரிச்சல்தான். நீ போனண்டைக்கு நான் வழியனுப்ப வரேல்லை, ஞாபகமிருக்கோ? காய்ச்சல் எண்டது பொய். இப்ப நேவிக்காரங்கள் கடலுக்குப் போக விடுறாங்களில்லை, அப்பு வள்ளத்தைக் கவிட்டு வைச்சிருக்கிறார். அந்தக் கதையள் உனக்குத் தேவையெண்டா வைச்சிரு. ஆனா பிழை பிடிச்சது நான். அதுக்கு என்ரை பேரைப் போடு."

ஆர்னேயின் அறைக்குப் போய்ச் சொன்னேன்.  அவர் பேனையை எடுத்து, அவள் எந்த நிறுவனம் என்று கேட்டார்.

"நிறுவனமில்லை. ஒரு பூவரசுக்குக் கீழே படிப்பிக்கிறாள்."

அவர் 'பூவரசு' என்று எழுத்துக்கூட்டி எழுதினார். "அது கல்லூரியா, பல்கலைக்கழகமா?"

"மரம்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. "இதைக் கருத்தரங்கில் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு என் கணக்கை இரண்டு தரம் பார்க்காமல் அவர் ஏற்றுக்கொண்டதில்லை. மேசையிலும் நானே உண்மையைச் சொன்னேன். ஸீக்ரித் "ஓ" என்றாள். அதன்பின் கடலைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

அறிக்கை சென்ற வருடம் வெளிவந்தது. ஒரு பிரதியை யசிந்தாவுக்கு அனுப்பினேன். கிடைத்தது என்றும், தன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்றும் எழுதியிருந்தாள். என் பிரதி மேசையில் இருக்கிறது. முதற்பக்கத்தில் இரண்டு பெயர்கள், அவற்றின் கீழே இரண்டு விலாசங்கள். அவள் பெயருக்குக் கீழே: முள்ளிவாய்க்கால், இலங்கை. என் பெயருக்குக் கீழே மழை பெய்யும் இந்த நகரமும், ஒரு தெருவும், தபால் இலக்கமும். தர்மபுரம் அந்தப் பக்கத்தில் எங்குமில்லை. வெளியே வர அவளுக்கு அனுமதி கிடைத்தால் நாளைக்கே இங்கே ஓடிவந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு தடவையும் என் கண், சொந்த ஊரே விலாசமான அவளுடைய அந்த ஒற்றை வரியில்தான் போய் நிற்கிறது.