அவர் வாங்கிக்கொண்ட பழி

எழுமலை பஸ்ஸில் கண்டக்டர்தான் சொன்னார். "அக்கா, ஒங்க வீட்டுக்காரருக்கு ஆபரேசன் பண்ணுன மதுரை டாக்டர் தவறிட்டாராம்." பக்கத்தில் நின்ற என் கொழுந்தன், "எங்கண்ணன அறுத்துக் கொன்ன ஆளா? போகட்டும்" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. எட்டு வருசமாகத் திறக்கவில்லை.

டாக்டர் ஐயாவை அறிந்தவர்களே, நான் நாலாப்புப் படித்தவள். தெரிந்தமட்டும் எழுதுகிறேன்.

மாடு மிரண்டு, வண்டி நுகத்தடி என் வீட்டுக்காரர் வயிற்றில் இடித்தது. வெளியே ஒரு கீறல் இல்லை. "குடல் ஏறிருச்சு புள்ள, தடவிவிடு" என்றார். வயிறு வலித்தால் குடல் இடம் மாறி ஏறிவிட்டது என்று தடவி இறக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். விளக்கெண்ணெய் தொட்டு இரண்டு நாள் தடவினேன். வலி பொறுக்காமல் என் கையைத் தள்ளினார். "சும்மா கெடங்க, எறங்கிரும்" என்று அதட்டி அழுத்தினேன். மூன்றாம் நாள் வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குத்தான் அயலூரிலிருந்து வந்த கொழுந்தன் மதுரைக்குத் தூக்கிப் போனான்.

"வயித்த யாராச்சும் தடவுனீங்களா?" என்று ஐயா கேட்டார். "இல்லய்யா" என்றான் கொழுந்தன். என் கையில் எண்ணெய் வாடை. ஐயா என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. "வெளிய காயம் இல்லேன்னா உள்ளயும் இல்லேன்னு நெனச்சுட்டியேம்மா" என்றார்.

ஆபரேசன் முடிந்து ஐயா வந்தார். முகம் பேயறைந்தது போல இருந்தது. "குடல் ரெண்டு எடத்துல கிழிஞ்சிருக்கு. அந்தத் துண்ட வெட்டி எடுத்துட்டு முனையச் சேத்துத் தச்சிருக்கேன். வயிறு பூரா அழுக்கு, கழுவிட்டேன். ஆனா விசம் ரத்தத்துல ஏறிருச்சு."

மூன்று நாளும் வந்து வந்து பார்த்தார். நான்காம் நாள் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கொழுந்தன் ஐயாவின் சட்டையைப் பிடித்தான். "பேசிக்கிட்டே வந்த ஆள அறுத்துக் கொன்னுட்டியே!" தடவியதில்தான் கிழிசல் பெரிதாகிவிட்டது என்று ஐயா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். "என்னால காப்பாத்த முடியல, மன்னிச்சிருங்க" என்று மட்டும் சொன்னார்.

ஏன்யா சொல்லலை என்று காலில் விழுந்து கேட்டேன். "என்னைத் திட்டிட்டு அவங்க ஊருக்குப் போயிருவாங்க. நீ அந்த வீட்லதான இருக்கணும்?"

அவரைப் பார்க்க எத்தனையோ தரம் மதுரைக்குப் போனேன். ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் போய்த் திரும்பிவிடுவேன். இனி எந்தக் கேட்டுக்குப் போவேன்?

அவர் சுமந்ததை இனி நான் வைத்துக்கொள்கிறேன். கொழுந்தனும் இதைப் படிக்கட்டும். உங்கண்ணனை டாக்டர் கொல்லவில்லை. தடவியது இந்தக் கை.