டெய்சி அக்கா ரீல்ஸ் பார்க்காத நாற்பது நாள்

இப்போதெல்லாம் யார் வேண்டுமானாலும் பிரபலம் ஆகலாம். ஆட்டுக்குட்டிக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டால் லட்சம் பேர் பார்க்கிறார்கள். எனக்கு இந்த ரீல்ஸ் கூத்தெல்லாம் ஆகவே ஆகாது. செல்போன் கவர் விற்றுப் பிழைக்கிறவன் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் என் கடைக்கும் டெய்சி அக்காவின் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இடுப்பளவு தட்டி ஒன்றுதான் தடுப்பு. அவர் ரீல்ஸ் எடுத்தால் பாதி சத்தம் என் காதில்தான் விழும்.

இரண்டு வருஷமாக எடுக்கிறார். ஐம்பது பேருக்கு மேல் பார்த்ததில்லை. அக்காவுக்கு அதில் மனவருத்தம் உண்டு.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்றும் இருந்தது. தவக்காலம் வந்தால் கத்தோலிக்கர்கள் தங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை ஈஸ்டர் வரை விட்டுவிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா டீயை விட்டார். பதினோராம் நாள் என் கண் முன்னாலேயே ஒரு கிளாஸை உறிஞ்சினார். போன வருஷம் சீரியல். நாலாம் நாள் கதாநாயகிக்குக் கல்யாணம் என்றதும் விரதம் காற்றில் போய்விட்டது. இருபது வருஷத்தில் ஒரு தவக்காலம்கூட முழுசாகத் தேறவில்லை.

கன்னிவாடி பஸ் ஓட்டும் அவர் வீட்டுக்காரர் மிக்கேல்ராஜ் அண்ணன் இந்த வருஷமும் கடைக்கு வந்து கேலி செய்தார். "இந்தத் தடவ எத்தன நாளுக்கு? அக்மலு, நீ சாட்சிக்கு இருந்துக்க."

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "இன்ஸ்டாவையே விடுறேன். இந்த வருசம் முடிச்சுக் காட்டல, என்னான்னு கேளுங்க" என்றார்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தின சாயங்காலம் கடைசியாக ஒரு ரீல்ஸ் போட்டார். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களைப் போல நடித்திருந்தார். ஆதார் கார்டை ஒரு பைக்குள் இன்னொரு பை, அதற்குள் ரப்பர் பேண்டு என்று உரித்து உரித்து எடுப்பது. ஒரு காப்பியா இரண்டா என்றால் வானத்தைப் பார்த்து யோசிப்பது. கடைசியில் காப்பியைப் பத்திரமாக மடித்துக்கொண்டு ஒரிஜினலை மெஷினிலேயே விட்டுவிட்டுப் போவது. போட்ட கையோடு ஆப்பை அழித்தார். மறுநாள் நெற்றியில் சாம்பலோடு வந்து உட்கார்ந்தார்.

அதற்கு மறுநாள் எங்களுக்கும் நோன்பு பிறந்தது. அன்று மத்தியானம் என் போனைத் திறந்தால் அந்த ரீல்ஸ். எண்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். சாயங்காலம் இரண்டு லட்சம்.

"அக்கா!" என்று தட்டிக்கு மேல் எட்டினேன்.

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சொல்லாத தம்பி. நீ நோன்பு இருக்கையில நான் மூஞ்சிக்கு முன்னால பிரியாணி தின்னா நல்லாருக்குமா?"

வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஊர் மூடுமா? காலேஜ் பிள்ளைகள் செல்ஃபி எடுக்க வந்தார்கள். ஒரு காப்பி எடுக்க வந்தவர்கள் அக்காவைப் பார்ப்பதற்காகவே பத்து எடுத்தார்கள். கன்னிவாடி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாம், "டிரைவரண்ணே, ஜெராக்ஸ் அக்கா உங்க வீட்டம்மாவாமே?" என்று கேட்டார்கள். கேலி செய்த அண்ணனே ஒரு நாள் மூச்சு வாங்க வந்தார்.

"ஏ டெய்சி, ஒரு தடவ பாத்துத் தொலையேன். நாலு லட்சம் பேரு பாத்துட்டான். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்க. நான் எனக்குச் சொல்லிக்கணும்ல?"

அவர் மகள் ஏஞ்சலின் வேறு வழி கண்டுபிடித்தாள். "நாப்பது நாள் கணக்குல ஞாயித்துக்கிழம சேராதும்மா. அன்னைக்கிப் பாக்கலாம்."

அக்காவின் கை போன் வரை போனது. "ஞாயித்துக்கிழம கடை லீவு. அன்னைக்கித்தான் நான் நாள் பூராம் ரீல்ஸ் பாப்பேன். அதையும் பாத்துட்டா அப்புறம் என்னத்த விட்டேன்?" என்று கையை இழுத்துக்கொண்டார்.

என் நோன்பு முடிந்து பெருநாளும் போய்விட்டது. அக்காவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் ஊர் அவரை மறந்து, டீ குடிக்கும் எருமை ஒன்றின் பின்னால் போய்விட்டது.

ஈஸ்டர் மத்தியானம் என்னையும் என் மனைவி பாஸிலாவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். பூசை முடிந்து வந்தும் போனைத் தொடாமல் எங்களுக்காகக் காத்திருந்தார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்த பிறகு திறந்தார். ஆறு லட்சம் பேர். "யாத்தே!" என்று நெஞ்சில் கை வைத்தார். பிறகு மெசேஜ்களைப் படித்தார். பழனியில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். விழா முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"போச்சேம்மா" என்றாள் ஏஞ்சலின்.

அக்கா போனைக் கீழே வைத்தார். "போனாப் போகுதுடி. நாப்பது நாளும் இருந்தேன்ல?" என்று அண்ணனைப் பார்த்தார். சிரிக்கத்தான் பார்த்தார், கண் கலங்கிவிட்டது.

அண்ணன் எழுந்து கையைக் கழுவினார். கண்ணாடியில் மீசையை ஒதுக்கினார். போன் கேமராவைக் கண்டாலே அடுத்த அறைக்குப் போய்விடுகிற மனிதர் அவர். வந்து அக்கா பக்கத்தில் விறைப்பாக நின்று, "ம்... எடு. நானும் நிக்கிறேன்" என்றார்.

அந்த ரீல்ஸில் ஒன்றுமே கிடையாது. அக்கா "முடிச்சிட்டேன்" என்கிறார். அண்ணன் தலையை ஆட்டி, "ஆமா, முடிச்சிட்டா" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். நேற்று வரை முப்பத்தெட்டுப் பேர் பார்த்திருக்கிறார்கள். தட்டிக்கு மேல் போனை நீட்டி, "அக்மலு, அவுக சிரிக்கிறதப் பாரு" என்று அக்கா தினமும் எனக்குக் காட்டுகிறார். வியாபாரத்தை விட்டுவிட்டு நானும் தினமும் பார்க்கிறேன்.