என் தம்பி போட்ட பிச்சைக்கார வேஷம்

தசரா வந்துவிட்டால் எங்கள் ஆறுமுகநேரியில் யார் போலீஸ், யார் குரங்கு, யார் ராஜா என்று சொல்ல முடியாது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு, விரதம் இருந்து, ஆளுக்கொரு வேஷத்தில், செட்டுச் செட்டாகச் சேர்ந்து, மேளத்தோடு தெருத்தெருவாகக் காணிக்கை கேட்டு வருவார்கள். உப்பளத்தில் உப்பு வாருகிறவர் கிரீடம் வைத்து வருவார். பேங்கில் வேலை பார்க்கிறவர் கரடியாக வருவார். வேஷம் போட்ட ஆளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, திட்டக் கூடாது, வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. எப்பேர்ப்பட்ட பகையாளியாக இருந்தாலும் வாசலுக்கு வந்துவிட்டால் அம்மன் வந்த மாதிரிதான். ஊரே ஒத்துக்கொண்ட வழக்கம் இது.

நான் தையல்காரி. தசராவுக்கு முந்தின மாதம் முழுக்க என் மிஷினில் காளி வேஷத்துக்கான சிவப்புப் பாவாடைதான் ஓடும். அளவு கொடுக்க வருகிறவர்கள் துணியோடு ஊர்ச் செய்தியையும் கொண்டுவந்து கொட்டுவார்கள். அப்படித்தான் ஒரு கொத்தனார் வந்து நின்றுகொண்டு சொன்னார்.

"யக்கா, ஒங்க தம்பி சவூதில இருந்து வந்திருக்காருல்லா? எங்க செட்லதான் மாலை போட்டிருக்காரு."

"என்ன வேசமாம்?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது, வாய் நிற்கவில்லை.

"பிச்சைக்கார வேசம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காளி, குறத்தி என்று எதுவாவது போட்டிருந்தால் தைக்கக் கொடுக்கிற சாக்கில் என் வாசலை மிதித்திருப்பான். கிழிசலுக்குத் தையல்காரி எதற்கு? யோசித்துத்தான் அந்த வேஷத்தைப் பிடித்திருக்கிறான் என்று நினைத்தேன்.

எங்கள் அம்மா இறந்தபோது அவன் வரவில்லை. கம்பெனியில் விடவில்லை என்றான். விடாமலேயே இருந்திருக்கலாம், யார் கண்டது? ஆனால் அம்மாவைத் தூக்குகிற நேரத்தில் என் வீட்டுக்காரர் செல்போனை நீட்டிப் பிடிக்க, அதில் அவன் மஞ்சள் ஹெல்மெட்டோடு தெரிந்தான். முகத்தில் ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை. பின்னால் ஏதோ கிரேன் ஓடிக்கொண்டிருந்தது. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவன் கூப்பிட்டபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அவனும் கூப்பிடுவதை விட்டான். இப்போது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், அம்மா இருந்த வீட்டிலேயே வந்து தங்கியிருந்தான். தசரா முடிந்ததும் மறுபடி விமானம் ஏறிவிடுவான் என்று பேச்சு.

எங்கள் தெருவுக்கு அவர்கள் செட் வருகிற நாள் காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பாவாடைக்கு நாடாவைத் தப்பாக வைத்துப் பிரித்தேன், மறுபடி தப்பாகவே வைத்தேன். மார்க்கெட் பக்கம் மேளம் கேட்டது. வாசலுக்குப் போனேன். கடல் காற்று திரும்பியதும் சத்தம் காயல்பட்டினம் ரோட்டுப் பக்கம் போய்விட்டது. அங்கே கடை போட்டிருக்கிற முஸ்லிம் முதலாளிமாரும் வேஷக்காரர்களுக்குக் காணிக்கை போடுவார்கள். மணப்பாட்டுச் சிலுவைக் கோயில் திருவிழாவுக்கு எங்கள் தெருவிலிருந்து வேன் பிடித்துப் போவார்கள். இந்தக் கரையில் சாமிகளுக்குள் ஒரு தகராறும் இல்லை. ஒரு வயிற்றில் பிறந்த நாங்கள்தான் பேசாமல் கிடந்தோம்.

அடுத்த வீட்டு அக்கா மதில் வழியாக எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமல் எங்கள் தெருவில் ஒரு கோழிகூட முட்டையிடாது.

"ஏளா, என்ன வாசம் மூக்கத் தொளைக்கி? சொதியா?"

"ஆமா."

"இஞ்சிப் பச்சடியுமா? தம்பிக்கா?"

"எனக்குத் திங்கணும்போல இருந்தது, வச்சேன். எவனுக்கும் இல்ல" என்றேன். பொய்தான். தேங்காய்ப் பால் பிழிந்து சொதி வைத்தால் அவன் சட்டியை வழித்துத் தின்பான். திட்டுவதற்குத்தான் காத்திருந்தேன், ஆனால் பசியோடு நிற்கிறவனைத் திட்ட எனக்கு வராது. சோறு போட்டுவிட்டுத் திட்டலாம் என்று இருந்தேன். வேஷக்காரனைத் திட்டக் கூடாதே என்றால், அதற்கும் ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன்.

மத்தியான வெயிலில் வாசலில் குரல் கேட்டது. மேளம் இல்லை. தனியாகத்தான் நின்றான். தாடி, முகமெல்லாம் அழுக்கு, தோளில் சாக்குப் பை, கையில் கம்பு. தம்பியின் அதே உயரம். தலையைக் குனிந்துகொண்டிருந்தான். செட்டை விட்டுவிட்டு முன்னாலேயே ஓடி வந்திருக்கிறான் என்று தெரிந்ததும் இலை எடுக்க உள்ளே ஓடப் பார்த்தேன். வீம்பு விடுமா? முகத்தைச் சட்டென்று சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இலையைப் படியில் போட்டேன். சோறு வைத்துச் சொதியை ஊற்றினேன். அவனைப் பார்க்கவே இல்லை. அவன் உட்கார்ந்து சாப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் தண்ணீர்க் குடத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். நான் கண்டுபிடித்து வைத்திருந்த வழி இதுதான். குடத்தைத் திட்டினால் அம்மன் என்ன செய்துவிடுவாள்?

"நல்லாத் திங்கட்டும். பெத்தவ போயிட்டா, சோறு மட்டும் எறங்குதுல்லா!"

சாப்பிடுகிற சத்தம் நின்றது. பிறகு மெதுவாக, "கொஞ்சம் பச்சடி" என்றது குரல். கரகரவென்று இருந்தது, விரதத்தில் தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பச்சடியை வைத்தேன். அவ்வளவுதான், அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்தாளே, அப்பகூட வாசலையேதான் பார்த்தா. கதவு ஆடுனாப் போதும், 'வந்துட்டானா'ம்பா. பால்காரர் வந்தா 'வந்துட்டானா'. கரண்டு பில் எடுக்க வந்தவரப் பார்த்தும் 'வந்துட்டானா'. வாரான், வாரான், திருச்செந்தூர்ல எறங்கிட்டான்னு சொல்லிச் சொல்லி என் நாக்கு செத்துப் போச்சு. கடைசி மூச்சுலயும் ஒம் பேருதாம்ல! செல்போன்ல கல்லு மாதிரி நின்னியே, ஒனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலியால?"

குடத்தை விட்டுவிட்டு நேராக அவனைப் பார்த்துத்தான் கடைசிப் பேச்சைக் கேட்டேன். அந்த ஆளும் என்னைப் பார்த்தார். வாயில் வைத்த சோற்றை விழுங்க முடியாமல் திருதிருவென்று முழித்தார். பல் இல்லை. கண் ஒன்று பூ விழுந்திருந்தது. என் தம்பியைவிட இருபது வயதாவது கூடுதல் இருக்கும்.

"தாயி, நான் வேசம் இல்ல" என்றார். "நெசப் பிச்சைக்காரன்."

மதிலுக்கு அந்தப் பக்கம் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், இருமி, மறுபடி சிரித்தாள். எனக்கு அவமானத்தில் காது மடல் எரிந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தவள்தான், அழுகை எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. அந்த மனுஷர் பாவம், எழுந்து போவதா இருப்பதா என்று புரியாமல் இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சாப்பிடுங்க" என்றேன். மிச்சச் சொதியையும் வழித்து ஊற்றினேன். அவர் மறுபடி இலைக்குக் குனிந்தார். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவி, "வாறேன் தாயி" என்று போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் இந்தப் பக்கத்திலிருந்து மேளம் வந்துவிட்டது. முன்னால் காளிகள். நான் தைத்த பாவாடைகள். நடுவில் ஒரு போலீஸ், ஒரு நர்ஸ். கடைசியில் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு என் தம்பி.

அவன் இளைத்திருந்தான். முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி என் படிக்குக் கீழே வந்து நின்றான். நான் அவன் முகத்தை நேராகப் பார்த்தேன். எத்தனை நாளாகச் சேர்த்துவைத்த பேச்சு! தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அந்த மனுஷருக்குப் பரிமாறி முடித்திருந்தேன். சட்டியில் சொதியும் இல்லை. உள்ளே போய் ஒரு படி அரிசியை அள்ளி வந்து அவன் தட்டில் போட்டேன். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு போட்டதில் பாதி அரிசி தரையில் சிந்தியது.

அவன் குனிந்து சிந்திய அரிசியைப் பொறுக்கினான். வேஷத்தில் இருக்கிறவன் உறவு சொல்லிப் பேசக் கூடாது. பொறுக்கிக்கொண்டே, மேளக்காரர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"யக்கா."

"என்னலே?"

"அம்மா கடைசில என்னயத் தேடுனாளா?"

தலையைத் தூக்காமலேயே கேட்டான். விரல்கள் ஒரே அரிசியைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தன. கரி பூசின கன்னத்தில் நீர் இறங்கிக் கோடு விழுந்திருந்தது. இதைக் கேட்க முடியாமல்தான் இத்தனை காலமும் வராமல் இருந்திருக்கிறான், பாவி.

"இல்லலே" என்றேன். "தூக்கத்துலேயே போயிட்டா. ஒருத்தரையும் தேடல."

அவன் தலையாட்டிவிட்டு எழுந்தான். மேளம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. அங்கே மதிலோரம் அக்கா காணிக்கைத் தட்டோடு நின்றிருந்தாள். கொஞ்சம் முன்னால் நான் கத்தியது அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது, இப்போது சொன்னதும் விழுந்திருக்கும். என் தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவன் தட்டில் காசைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.