மின்கட்டணக் கோடு இறங்கியபோது

மருந்துகளைக் குளிரில் வைத்துக் காக்கும் கிடங்கு அது. அங்கே கணக்குப் பார்த்தவளை எல்லாரும் கோட்டம்மா என்பார்கள். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் எக்செலில் மாதவாரியாக அடுக்கி, போன வருஷங்களோடு ஒப்பிட்டு, ஒரு கோடு வரைந்த பிறகுதான் மறுவேலை. முதுகுக்குப் பின்னால் கோட்டான் என்றும் சொல்வார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும், சிரித்துக்கொள்வாள்.

வருஷக் கணக்கு முடிக்கும் சமயம். ஒவ்வொரு கணக்கின் நிலுவையும் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று ஆடிட்டர் வருவதற்குள் எழுதி வைக்க வேண்டும். வாடகை, சம்பளம், லாரி டீசல் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. மின்கட்டணம் மட்டும் முரண்டு பிடித்தது. வெயில் மாதங்களில் எப்போதும் மேலே ஏறும் கோடு, இந்த வருஷம் அப்போதே பள்ளத்தில் இறங்கி, பிறகு ஏறவே இல்லை. சரக்கு குறைந்ததா என்றால், அதுவும் இல்லை, கூடித்தான் இருந்தது.

பில் ஏதாவது விட்டுப்போயிருக்கும் என்று கோப்பைப் புரட்டினாள். விடவில்லை. கட்டண விகிதமும் மாறவில்லை. பணத்தை ஒதுக்கிவிட்டு யூனிட்டுகளை மட்டும் வைத்து வரைந்தாள். அதே பள்ளம். ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் குறைந்திருந்தது. கரண்ட் ஓடாமல் குளிர் எங்கிருந்து வரும்?

குளிரூட்டும் மெஷின்கள் இருந்த ரூமுக்குப் போனாள்.

"அண்ணே, மூணு மெஷினும் முழு நேரமும் ஓடுதா?"

மெக்கானிக் முதலில் வாசலைப் பார்த்தார். "ராத்திரியில ரெண்டை நிறுத்திடுறோம்மா. மானேஜர் உத்தரவு. காலையில குளிர் ஏறினப்புறம்தான் டெம்பரேச்சர் எழுதுறது."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னேன். உன் வேலையைப் பாருன்னாரு."

மானேஜர் அவளுடைய அக்கா புருஷன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். வெளியே, ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் குழந்தைகளுக்கான தடுப்பூசி லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. பாதிப் பெட்டிகள் ஏறிவிட்டன.

நேரே மானேஜர் அறைக்குள் நுழைந்தாள்.

"அத்தான், லாரியை நிறுத்துங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ராத்திரியில ரூம் கதவைத் திறக்காம இருந்தா குளிர் எங்க போயிடும்? செலவைக் குறைக்கச் சொன்னாங்க, குறைச்சேன். இதுவரைக்கும் ஒரு புகார் வந்திருக்கா?"

"கெட்டுப்போன ஊசி வெளியில தெரியாது அத்தான். குழந்தைக்கு நோய் வந்தப்புறம்தான் தெரியும்."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். "உன் அக்கா வீட்டு அடுப்புல நீயே தண்ணி ஊத்தப் போறியா?"

லாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் அறைக் கதவைத் திறந்து வெளியே ஓடினாள். டிரைவர் வண்டியைக் கிளப்பியிருந்தார். ஜன்னலைத் தட்டி, "சாவியைக் கொடுங்கண்ணே, முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். அவர் அவளையும் பார்த்தார், பின்னால் வந்த மானேஜரையும் பார்த்தார். எஞ்சினை அணைத்தார், சாவியைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

முதலாளிக்குப் போன் போட்டாள். மின்செலவு குறைந்ததற்காக மானேஜரைப் போன வாரம்தான் அவர் பாராட்டியிருந்தார். அவள் சொல்லி முடித்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"வண்டி எங்க நிக்குது?"

"வாசல்ல, சார்."

"அங்கேயே நிக்கட்டும்."

சோதனையில், லாரியிலிருந்த ஊசிகளில் பாதிக்கு மேல் வீரியம் போயிருந்தது. முன்பே போய்ச் சேர்ந்தவற்றையும் ஆஸ்பத்திரிகளிலிருந்து திரும்ப வரவழைத்தார்கள். போட்டுவிட்ட குழந்தைகளை மறுபடி கூப்பிட்டு ஊசி போட்டார்கள். கிடங்குக்குப் பெரிய அபராதம். அத்தானுக்கு வேலை போனது.

அக்கா ஒரு நாள் அவள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை முதல்ல சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ அழுதிருப்பே. நான் நின்னிருப்பேன். லாரி போயிருக்கும்."

அக்கா படியிறங்கிப் போனாள். பல மாதங்களுக்குப் போன் வரவில்லை. அத்தானுக்கு வேறொரு ஊரில் சின்ன வேலை கிடைத்த பிறகுதான், "வீடு மாத்துறோம், ஒரு கை குறையுது, வர்றியா?" என்று அக்கா கூப்பிட்டாள். கோட்டம்மா லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். சாமான் கட்டும்போது அத்தான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கனமான பெட்டியின் மறுபக்கத்தை அவர்தான் பிடித்தார்.