லூலுவின் அடியைச் செதுக்கியவன்

1. சரளைக்கல்

சரளைக்கல்லில் நான்கு அடி வைத்ததும் எங்கள் வண்டிக் குதிரை லூலு நின்றுவிட்டது. அடுத்த அடிக்குத் தூக்கிய காலைக் கீழே வைக்கப் பயந்து அப்படியே வைத்திருந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவன் நான். காரணம் எனக்குத் தெரியும். கூட நின்ற முதலாளிக்கும், மிரேய் என்ற பெண்ணுக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. கனடாவில், மொன்றியல் நகரின் பழைய பகுதியில் சுற்றுலாக்காரரை ஏற்றும் குதிரை வண்டிகளின் லாயத்தில் எனக்கு வேலை. சாணம் அள்ளுவேன், குதிரை தேய்ப்பேன், லாடம் அடிக்க வருபவருக்குக் கால் பிடித்துக் கொடுப்பேன். யாழ்ப்பாணத்தில் குதிரையைப் படத்தில் மட்டும் பார்த்தவன் நான். நம் ஆட்கள் நிறைய இருந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் தெரிந்தவர்கள் 'குதிரைக்காரன்' என்று கேலி செய்வார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

2. மிரேய்

மிரேய் முன்பு லாடம் அடித்தவர். பிறகு அதை விட்டவர். காட்டுக் குதிரைகள் கல்லிலும் மலையிலும் வெறுங்காலோடுதான் நடக்கின்றன, அவற்றின் குளம்பைப் பார்த்து நம் குதிரைக்கும் விளிம்பை அரத்தால் உருட்டிவிட்டால் லாடமே வேண்டாம் என்று அப்போது சிலர் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். மிரேய் அந்தக் கட்சி. நகரத்தில் எந்த லாயமும் அவரை உள்ளே விடவில்லை.

எங்கள் முதலாளி சிரித்தார். ஆனாலும் வண்டி ஓட்டம் இல்லாத குளிர்காலத்தில் லூலுவை மட்டும் அவரிடம் விட்டார். வசந்தத்தில் அது சரளையில் நொண்டாமல் நடந்தால் மற்றக் குதிரைகளையும் தருவதாகப் பேச்சு.

மிரேய் எனக்குப் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்: "குளம்பின்ர அடியில மட்டும் கத்தி வையாதை. பாக்க வடிவில்லைத்தான். ஆனா அது காய்ச்சுப்போன அடி. அதுதான் அதுக்குச் சப்பாத்து."

3. சுத்தமான வேலை

வசந்தத்தில், சரளைச் சோதனைக்கு முதல் நாள் மத்தியானம் லூலுவின் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தேன். அடி சாம்பல் நிறத்தில், வெடித்துப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. எங்கள் முதலாளிக்கு அடி வெள்ளையாக இருந்தால்தான் சுத்தமான வேலை. விருந்தாளி வருகிற வீட்டைக் கழுவுகிற புத்தி எனக்கு. கத்தியை எடுத்து இரண்டு முன்னங்கால்களின் அடியையும் வெள்ளை தெரியும்வரை செதுக்கினேன். மிரேய்க்கு நல்ல பெயர் வாங்கித் தருகிறேனாம்!

மறுநாள் லூலு சரளையில் நின்றதும் முதலாளி கையைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "பாத்தியளே? காட்டுக் குதிரைக் கதையெல்லாம் காட்டோட. இண்டைக்கே லாடம் அடிக்கிறம்."

மிரேய் லூலுவின் காலைத் தூக்கினார். பெருவிரலால் அடியை அழுத்தினார். அது உள்ளே அமுங்கியது. கத்தி போன கோடுகள் புதிதாக இருந்தன. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் கயிற்றைப் பார்த்தேன்.

"நான்தான் அளவுக்கு மிஞ்சி வெட்டிப்போட்டன்" என்றார் மிரேய், முதலாளியிடம்.

நான் லூலுவை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

4. வீட்டில்

மனைவியிடம் மட்டும் சொன்னேன். சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னா வேலை போயிருக்கும்."

"இப்ப அவவின்ர வேலை போட்டுதே."

வெட்கத்தில் அன்று சாப்பிடாமலே படுத்தேன்.

மிரேயை நான் பிறகு காணவில்லை. சில வருடம் கழித்து நானே முறையாகப் படித்து, லாடமில்லாமல் குளம்பைச் சீவிச் சரிசெய்யும் ட்ரிம்மர் ஆனேன். இப்போது வெறுங்கால் குதிரை என்றால் யாரும் சிரிப்பதில்லை. தொழில் பழக வருபவர்கள் என்னை முன்னோடி என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குக் கூசும்.

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கை எல்லோருக்கும் தவறும். தவறினால் அந்த இடத்திலேயே, சம்பளம் தருபவரின் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். லூலுவின் அடி ஒரு சில மாதத்தில் திரும்ப வளர்ந்துவிட்டது. "வெட்டினது நான்" என்று சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒரு நிமிஷம் எனக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை.