எல்லாமே வலது கால்

விடியற்காலை நான்கு மணி, பன்னிரண்டு ஷூ, கரீம் பாய்: காட்பாடி பிளாட்பாரத்தில் கம்பெனி என்னிடம் ஒப்படைத்தது இவ்வளவுதான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் மார்க்கெட்டிங் என்றால் விமானத்தில் பறக்கலாம் என்று நம்பிச் சேர்ந்த சகோதரர்களே, நம் கதி டெல்லி வரை ரயில்தான் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கரீம் பாய் எங்கள் சாம்பிள் மாஸ்டர், அதாவது மாதிரி ஷூ தைப்பவர். இந்த ஷூக்களுக்கு டெல்லியில் ஆர்டர் கிடைக்காவிட்டால் அவருடைய செக்ஷனையே மூடிவிடுவதாகப் பேச்சு. வழியனுப்ப வந்த முதலாளி பாயின் தோளில் கை போட்டார். "ஆர்டரோட வாங்க பாய். ஆர்டர் இல்லன்னா நிதானமாவே வாங்க, ஒண்ணும் அவசரம் இல்ல."

கட்டைவிரல்

தோல் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் ஷூவைப் பார்த்தாலும் கட்டைவிரலால் அழுத்தி, தோல் எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்க வேண்டும். எதிர் பெர்த்தில் அரக்கோணத்துக்காரர் ஒருவர், சபாபதி என்று பெயர், குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பாய் குனிந்து அவர் ஷூவை எடுத்து, அழுத்தி, வளைத்து, முகர்ந்தும் பார்த்தார். சபாபதி விழித்துக்கொண்டார்.

"யோவ், இன்னா, ஷூவைத் திருடுறியா?"

பாய் பதறவில்லை. ஷூவை இருந்த இடத்திலேயே வைத்தார். "ரெக்சினை எவன் சார் திருடுவான்?"

புகார்

விஜயவாடாவில் கூட்டம் ஏறி இறங்கியதில் சாம்பிள் பை காணாமல் போனது. பாய் பெர்த்துக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினார். "செக்ஷன் போச்சு சார்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வண்டியில் வந்த ரயில்வே போலீஸ்காரரைப் பிடித்தோம்.

"உள்ளே என்ன?" என்றார் இந்தியில்.

"பன்னிரண்டு ஷூ" என்றேன்.

"ஆறு ஜோடி" என்று எழுதத் தொடங்கினார்.

"ஜோடியே இல்லை சார். எல்லாமே வலது கால். இடது கால் கம்பெனியிலேயே இருக்கும். அதுதான் வழக்கம்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியானால் புகார் கொடுக்க வேண்டியவன் அந்தத் திருடன்தான்."

எட்டாம் நம்பர்

திருடனும் அதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறான். மூன்று பெட்டி தள்ளி, கை கழுவும் தொட்டிக்குக் கீழே பை கிடந்தது. தண்ணீர் வழிந்து அத்தனை ஷூவும் நனைந்திருந்தன. "உள்ள கால் இல்லாம காஞ்சா கருவாடா போய்டும்" என்றார் பாய். சாம்பிள் எல்லாமே எட்டாம் நம்பர் அளவு என்பதால், பெட்டி பெட்டியாகப் போய் எட்டாம் நம்பர் கால்களைத் தேடினார். அவர் உருதுவில் கெஞ்சியதில் பன்னிரண்டு பேர் சிக்கினார்கள். அன்று பிற்பகல் முழுக்க அவர்கள் வலது காலில் எங்கள் ஷூவோடும் இடது காலில் சொந்தச் செருப்போடும் வண்டியில் உலாவினார்கள். சபாபதியும் அதில் ஒருவர். அவர் கழற்றிப்போட்ட தன் ரெக்சினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாக்பூரில், தூங்கிப்போயிருந்த ஒருவர் திடுக்கிட்டு எழுந்து அப்படியே இறங்கி ஓடினார், எங்கள் ஷூவோடு. நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. நான் கத்தினேன். பாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓடும் அந்தக் காலையே பார்த்தார். "பாருங்க சார், அந்த ஓட்டத்திலயும் குதிகால் கழலவே இல்ல."

டெல்லி

வாங்கும் கம்பெனியின் மேடம் பதினொன்றையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் நடந்த மடிப்பு. "பழைய ஷூவா?" என்றார். பிறகு, கம்பெனி முன்பே அனுப்பியிருந்த போட்டோவில் பன்னிரண்டு இருக்கிறதே, ஒன்று எங்கே என்று கேட்டார். நான் பொய் தேடிக்கொண்டிருந்தபோது பாய் முழு உண்மையையும் உருதுவில் கொட்டிவிட்டார், கருவாடு உட்பட. மேடம் சிரிக்கவில்லை. போட்டோவில் அந்த ஒன்றின் மேல் விரலை வைத்தார். "ஒரு காலையே ஓடிப்போக வைத்தது இதுதானா?"

பொங்கல் கழிந்த வாரம் ஆர்டர் வந்தது, நாங்கள் கட்டிக் காப்பாற்றிக் காட்டிய பதினொன்றுக்கு அல்ல, கோட்டை விட்ட ஒன்றுக்கு.