நண்டு விட்ட வழி

புது நூல்கண்டைப் பிரித்ததும் ஒரு வாசனை வரும்... கஞ்சியும் மரப்பெட்டியும் கலந்த மாதிரி. இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை அடித்தால் எனக்கு இருபது வயதாகிவிடுகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நெய்யூர்ப் பக்கம் மிஷன் பெண்கள் சேர்ந்து வேலை செய்யும் லேஸ் கூடத்தில் இருந்தேன். பின்னுவதோடு புது மாதிரி வரைவதும் என் பொறுப்பு. முதலில் காகிதத்தில் வரைவேன். அப்புறம் அதை அட்டையில் ஊசியால் துளைதுளையாகக் குத்த வேண்டும். துளைகளில் குண்டூசி நட்டு அதைச் சுற்றி நூலை ஓட்டுவார்கள். அட்டையில் இல்லாதது லேஸில் வராது.

மாதிரிகள் எல்லாம் சீமையிலிருந்து வந்தவை. ரோஜா, திராட்சைக்கொடி, பெயர் தெரியாத பனிநாட்டு இலைகள்... பாதியை நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அச்சு அசலாகப் பின்னுவோம்.

அப்போதுதான் முட்டத்திலிருந்து ஒரு கருவாட்டு வியாபாரி மகளை அழைத்து வந்தார். பெயர் பிலோமினா. ஈஸ்டர் கழிந்து கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை. கோயிலில் தலைக்குப் போட லேஸ் முக்காடு வேண்டுமாம். எங்கள் சரக்கு எல்லாம் கப்பலேறிப் போகிற காலம் அது. உள்ளூர்க்காரர் ஒருவர் கேட்டு வந்ததே எங்களுக்கு அதிசயம்.

மாதிரிகளைப் பரப்பினேன். ஒவ்வொன்றாக ஒதுக்கினாள்.

"அக்கா, இதுல ஒண்ணும் எங்க ஊருல இல்லியே?"

எனக்குச் சுருக்கென்றது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய், மர மச்சில் செதுக்கிய பூக்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து வரைந்து வந்திருந்தேன். யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததைப் பெருமையாக எடுத்து நீட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு எங்க கடக்கரை மாதிரி ஏதாவது வேணும்."

"நெத்திலி போட்டுத் தரட்டுமா மக்கா?" என்று கிண்டலடித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க முட்டத்துக்கு வாருங்க. காட்டித்தாரேன்."

போனேன். மாட்டுவண்டியில் குலுங்கிக் குலுங்கி... போய்ச் சேர்ந்தபோது கடல் உள்வாங்கியிருந்தது. பாறைகளைத் தாண்டி ஈரமணலில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். "அனங்காம இருங்க" என்றாள். அசையாமல் இருந்தேன்.

பட்டாணி அளவில் ஒரு நண்டு குழியிலிருந்து எட்டிப் பார்த்தது. மணலை வாயில் வைத்து உருட்டி, மிளகு போல ஒரு உருண்டை செய்து பின்னால் தள்ளியது. அப்புறம் இன்னொன்று. வரிசை வரிசையாகக் குழியைச் சுற்றிப் பூப்போல விரிந்துகொண்டே போயிற்று. நிமிர்ந்து பார்த்தால் கரை முழுக்க அந்தப் பூதான்... சேலை நனைவதுகூடத் தெரியாமல் வரைந்தேன். ஓர் அலை வந்து மொத்தத்தையும் வழித்துக்கொண்டு போனது.

"அழிஞ்சு போச்சே மக்கா."

"நாளைக்கும் போடும் அக்கா."

திரும்பி வந்து அட்டை குத்தினேன். மாதிரிக்காக ஒரு சாண் லேஸ் பின்னினேன். அவ்வளவு அழகான வட்டம். கூடத்தில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிலோமி வந்தாள். வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வழி எங்க அக்கா?"

"என்ன வழி?"

"நண்டுக்க வழி. ஆளைக் கண்டா குழிக்கு ஓடண்டாமா? அதுக்கு ஒரு பக்கம் உருண்டையே போடாது. சும்மா விட்டிருக்கும்."

நான் வரைந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு சின்ன வெற்றிடம். அலை தின்றது என்று நினைத்து நானே அதை நிரப்பியிருந்தேன்.

"லேஸ்ல எடம் விட்டா நூலு அறுந்து போச்சுன்னு நெனப்பாவ மக்கா. மிஸ்ஸியம்மா ஒத்துக்கிட மாட்டாவ."

அவள் கண் நிறைந்துவிட்டது. "எங்க அத்தையும் கொழும்புக்குத்தான் கெட்டிப் போனா. இதுவரைக்கும் ஒருக்கக்கூட வரல்ல அக்கா. அப்பா இஞ்ச ஒத்தைக்கு இருக்கும்..."

நேராக மிஸ்ஸியம்மாவிடம் போனேன். அவர்தான் கூடத்தின் தலைவி. ஓர் இழை பிசகினாலும் பிரிக்கச் சொல்கிறவர். நண்டு கதை முழுவதையும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார். சொந்த ஊரைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தவர், பிறகு ஊர்ப்பக்கம் போகவே இல்லை.

"ஒரு பூவில் விட்டால் பிழை," என்றார். "எல்லாப் பூவிலும் விடு. எல்லா வழியும் ஒரே பக்கம் பார்க்கட்டும்."

அன்று அவர் கற்றுத் தந்ததை வைத்துத்தான் பிறகு எத்தனையோ மாதிரி வரைந்தேன்.

கல்யாணத்தன்று முட்டம் கோயிலில் கடைசி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா இன்னொருத்தியிடம் கேட்டது கோயிலுக்கே கேட்டது.

"என்ன பூவுட்டி இது? பாதி எதழு கொழிஞ்சு கெடக்கு?"

பீடத்தின் முன்னால் முக்காடு குலுங்கியது. பிலோமி சிரிக்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

அவள் வந்தாள். சில வருஷம் கழித்து, இடுப்பில் பிள்ளையோடு. முக்காட்டில் ஒரு பகுதியை வெட்டிப் பிள்ளைக்கு ஞானஸ்நானச் சட்டை தைத்திருந்தாள். ஒரு வழிகூட அடைபடாமல் பார்த்து வெட்டியிருந்தாள். கருவாட்டுக்காரர் பேத்தியைத் தூக்கிக்கொண்டு கரை முழுக்கக் காட்டித் திரிந்தாராம்.

இப்போது லேஸ் கடையில் சுருள் சுருளாகக் கிடைக்கிறது. மெஷின் பின்னியது. குறை சொல்ல மாட்டேன். விலையும் மலிவு, பூவும் நல்ல பூதான். அடுத்த மாதம் என் தங்கை பேத்திக்குக் கல்யாணம். முடிந்த கையோடு துபாய்க்குப் போகிறாள். அவளுடைய முக்காட்டை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தேன். எல்லா வட்டமும் நிறைந்திருந்தது. ஒரு வெற்றிடம் இல்லை.

யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஓரத்துப் பூ ஒன்றில் ஊசியால் சில இழைகளை எடுத்துவிட்டேன்.

கண்டுபிடித்தால் கிழிசல் என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போவாள்... போகட்டும். திரும்பி வந்தால் சரி.